ஆட்டம் நடைபெறும் நேரத்தில் மட்டும்

கடிதம் என்பது பிரித்துப் படிப்பதற்காக எழுதப்படுவது என்று நாட்டில் பெரும்பாலோர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ராயபுரத்தில் மிளகாய் மண்டி வைத்திருந்த வெள்ளத்துரைக்கு அந்த அறியாமை நீங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு கடிதத்தில் பார்க்க வேண்டியது தபால்தலை மேல் விழுந்திருக்கும் முத்திரை ஒன்றுதான். உள்ளே இருப்பது எழுதினவன் பாடு என்று அவர் தெளிந்திருந்தார்.

அதிலும் எல்லா முத்திரையும் அவருக்கு ஆகாது. விளையாட்டு முத்திரை மட்டும்தான். பின்லாந்தில் ஈட்டி எறிந்த அன்று அடித்தது, சுவிட்சர்லாந்தில் பனிமேல் சறுக்கிய அன்று அடித்தது, இன்னும் எங்கெங்கோ யார் யாரோ ஓடிய அன்றும் குதித்த அன்றும் அடித்தது என்று ஏழு ஆல்பங்கள் நிறைய வைத்திருந்தார். விளையாட்டு எதையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஒருமுறை கடற்கரைப் பக்கம் போகும்போது ஒரு பந்து வந்து முதுகில் பட்டதுண்டு. விளையாட்டோடு அவருக்கு ஏற்பட்ட நேரடித் தொடர்பு அவ்வளவுதான்.

அவரைத் தலைவராகக் கொண்டு வடசென்னை விளையாட்டு முத்திரை சேகரிப்போர் சபை என்று ஒன்று நடந்துவந்தது. பதினான்கு அங்கத்தினர்கள். உறையைப் பிரிக்கக் கூடாது என்பது சபையின் முதல் விதி. பிரித்த உறைக்கு அங்கே மதிப்பில்லை, பிரித்தவருக்கும் இல்லை. ஓர் அங்கத்தினருக்கு அவருடைய மாமனார் காலமான செய்தி டென்னிஸ் பந்தய முத்திரையோடு வந்து சேர்ந்தது. விஷயம் அவருக்கு ஒரு வருஷம் கழித்து வேறு வழியாகத்தான் தெரிந்தது. அந்த உறை இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது.

சபைக்கு ஒரே ஒரு குறை. உலகமெல்லாம் விளையாட்டுக்கு முத்திரை அடிக்கிறான். வடசென்னைக்கு மட்டும் ஒன்றும் இல்லை. வியாசர்பாடியில் தெருவுக்கு ஒரு கால்பந்து அணி இருக்கிறது, வருஷா வருஷம் தொழிலாளர் கோப்பை என்று பந்தயம் நடக்கிறது, அதற்கு ஒரு சிறப்பு முத்திரை வழங்கினால் சர்க்காருக்கு என்ன கொள்ளை போகிறது என்று வெள்ளத்துரை மேலிடத்துக்கு மனுப் போட்டார். பதினொரு மனு போட்டார். கால்பந்து என்ற விளையாட்டு நடைமுறையில் உள்ளது என்பதற்கான ஆதாரத்தை மூன்று பிரதிகளில் அனுப்பும்படி ஒரு தடவை பதில் வந்தது. அனுப்பினார். 1954-ஆம் வருஷம் அனுமதி வந்தது.

பன்னிரண்டு நிபந்தனைகளோடு வந்தது. நாலாவது நிபந்தனை: "மேற்படி சிறப்பு முத்திரை, ஆட்டம் நடைபெறும் இடத்தில், ஆட்டம் நடைபெறும் நேரத்தில் மட்டுமே பதிக்கப்படல் வேண்டும்." ஒன்பதாவது: "மேற்படி முத்திரை பதித்த உறைகள் தபால்காரர் மூலம் பட்டுவாடா செய்யப்படாமல், விலாசதாரர் வசமோ, விலாசத்தில் கண்ட மேற்பார்வையாளர் வசமோ அங்கேயே ஒப்படைக்கப்படல் வேண்டும்." மற்ற பத்தும் மை சம்பந்தமானவை.

இந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் பொறுப்பு உப்புக்கிடங்குத் தெரு சப் போஸ்ட் மாஸ்டர் வரதனிடம் வந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் விதியில் சொன்னதைச் செய்யாமலும் இருந்ததில்லை, சொல்லாததைச் செய்ததும் இல்லை என்று பெயர் எடுத்தவர். அவருடைய ஆபீஸின் அன்றாட முத்திரை மை அப்பிய ஒரு கறுப்புத் திட்டாகத்தான் விழும். ஊரும் தெரியாது, தேதியும் தெரியாது. முத்திரை தெளிவாக இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. இந்தச் சிறப்பு முத்திரைக்கு மட்டும் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது.

வெள்ளத்துரை முத்திரையைப் பார்க்கப் போனார். அழகாகத்தான் இருந்தது. 'வியாசர்பாடி' என்று பெயர், கீழே தேதி, நடுவில் ஒரு மனிதன். அவன் கையில் வளைந்த கோல் இருந்தது.

"இவன் கையில என்ன சார் வச்சிருக்கான்?"

"ஹாக்கி மட்டை."

"நம்ம ஆளுக காலாலல்ல உதைப்பாவ?"

"விளையாட்டு என்று குறிப்பிட்டு எழுதினால் மேலிடத்தில் இந்தப் படம்தான் அனுப்புவார்கள். இதுவும் விளையாட்டு, அதுவும் விளையாட்டு," என்றார் வரதன்.

வெள்ளத்துரை சந்தோஷமாகவே திரும்பினார். தப்பான படம் போட்ட முத்திரைக்குச் சேகரிப்போர் நடுவில் இரட்டை மவுசு.

அந்தச் சந்தோஷத்தோடு மண்டிக்குள் நுழைந்தவரை சுப்புராஜ் வழிமறித்தான். மண்டியில் மூட்டை தூக்குகிறவன். வியாசர்பாடி அணிக்கு முன்வரிசை ஆட்டக்காரன் என்பது மண்டியில் எல்லாருக்கும் தெரியும், முதலாளியைத் தவிர.

"மொதலாளி, சனிக்கெயம மத்தியானம் எனக்கு லீவு ஓணும். ஃபைனல் கீது."

"நீ எதுக்குல அங்க? மூட்டை எதுவும் இறக்கணுமா?"

"நான்தான் மொதலாளி ஆடறேன். எண்ணூர் ரோட்டுல பட்டறை கம்பெனி கீதே, அதும் மேனேஜரு வராரு. கம்பெனிக்கு டீம் சேக்கறாராம். ஆட்டம் புடிச்சா பர்மனெண்டு வேலை. குவாட்டர்ஸ் வேற." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எங்க வூடு மயை வந்தா ஒயுவுது மொதலாளி. கெங்கம்மா ரெண்டு புள்ளையும் இடுப்புல வெச்சிகினு மூலைலயே நின்னுகினு கீறா. இது கெடைச்சா போதும் எனுக்கு."

வெள்ளத்துரைக்கு மனசு இளகிவிட்டது. கெட்ட மனுஷன் இல்லை அவர்.

"போயிட்டு வாடே. நல்லா ஆடு. ஒண்ணு கேக்கேன், இந்த ஆட்டம் எம்புட்டு நேரம் நடக்கும்?"

"எயுவது நிமிசம்."

"அவ்வளவுதானா?" என்ற வெள்ளத்துரைக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவர் ஒருவரிடமே அறுநூறு உறைகள் இருந்தன.

சனிக்கிழமை நாலு மணிக்கு வியாசர்பாடி மைதானத்தில் இரண்டு கூட்டம் கூடியிருந்தது. எல்லைக்கோட்டைச் சுற்றி நின்றது ஆட்டம் பார்க்க வந்த கூட்டம். கோல் கம்பத்துக்குப் பின்னால் பந்தல் போட்டு, மேஜை போட்டு, வரதன் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றது முத்திரைக் கூட்டம். சபையார் மட்டுமில்லை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணியிலிருந்தெல்லாம் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு வந்திருந்தார்கள். வியாசர்பாடிக்கு அவர்கள் வருவது அதுவே முதல் தடவை. எல்லாருமாகச் சேர்ந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் உறைகள். ஒவ்வொன்றும் அவரவர் தமக்கே விலாசம் எழுதி, உள்ளே ஒன்றும் வைக்காமல் ஒட்டியது.

நடுவர் வால்டர் விசில் ஊதினார். ரயில்வேயில் முப்பது வருஷம் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். விசில் சொந்தமாக வைத்திருந்ததால் நடுவரானவர்.

விசில் கேட்டதும் வரதன் முத்திரையை எடுத்தார். தலைவர் என்ற முறையில் வெள்ளத்துரையின் கட்டுதான் முதலில். ஓங்கி ஒன்று போட்டார். உறைக்குள்ளிருந்து சிவப்பாக ஒரு தூசி எழும்பியது. வரதன் தும்மினார். இரண்டாவதற்கும் தும்மினார். மிளகாய் மண்டியில் ஆறு மாதம் அடுக்கி வைத்திருந்த உறைகள். நாலாவது தும்மலில் முத்திரை நகர்ந்துவிடும் போலிருந்தது.

"தலைவர் கவர் எல்லாம் கடைசியில்," என்று ஒதுக்கி வைத்துவிட்டார். வெள்ளத்துரையும் தலையாட்டினார். நகர்ந்த முத்திரை யாருக்கு வேண்டும்.

வேலை மளமளவென்று நடந்தது. திடீரென்று வரதனின் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன சார் நிப்பாட்டிட்டிய?"

"பந்து கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது. ஆட்டம் நடைபெறவில்லை."

முத்திரைக் கூட்டம் முழுவதும் மைதானத்தின் பக்கம் திரும்பியது. சபையின் சரித்திரத்தில் அங்கத்தினர்கள் ஒரு விளையாட்டை முதல்முதலாகப் பார்த்தது அந்த நிமிஷம்தான். அதற்குப் பிறகு கண்ணை எடுக்கவே இல்லை. எந்த அணி ஆடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அனாவசியம். பந்தை வெளியே உதைக்கிறவன் எதிரி, உள்ளே எடுத்துப் போடுகிறவன் உத்தமன். ஒருத்தன் முட்டி பெயர்ந்து விழுந்தபோது, "எழுந்து ஓடுப்பா, முப்பது கவர் நிக்கிறது," என்று ஒரு வக்கீல் கத்தினார். இடைவேளையில் வரதன் மை அட்டையை மூடி வைத்துவிட்டுக் காபி குடித்தார்.

இரண்டாம் பாதியில் சுப்புராஜ் ராயபுரம் படகுத்துறை அணியின் மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போய் ஒரு கோல் போட்டான். மைதானம் அதிர்ந்தது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். மேனேஜர் நாற்காலியைவிட்டு எழுந்து கைதட்டினார்.

வரதன் முத்திரையைக் கீழே வைத்தார். "ஆட்டம் நிற்கிறது."

"ரெண்டு நிமிஷம் போச்சே பாவி," என்று தலையில் கை வைத்தார் வெள்ளத்துரை.

எழுபது நிமிஷமும் முடிந்தபோது வியாசர்பாடி ஒரு கோல் முன்னால். மேஜையில் பாக்கி இருந்தது ஏறக்குறைய அறுநூறு உறைகள், எல்லாம் வெள்ளத்துரையுடையவை. வால்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். வெள்ளத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார். பின்னாலேயே வரதனும், கையில் நிபந்தனைத் தாளோடு.

"விசில் ஊதாதிரும் ஐயா. கவர் பாக்கி கெடக்கு."

"டைம் முடிஞ்சிது மேன்."

வரதன் தாளை நீட்டினார். "சிறப்பு முத்திரைப் பணி நிறைவு பெறவில்லை. ஆட்டத்தை நீர் முடித்தால் மத்திய சர்க்கார் அலுவலைப் பாதியில் நிறுத்தியதாகும். பெயர் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்."

"இன்னா பாக்கி? கவரா?" வால்டர் யோசித்தார். "அப்போ இது மெயில்."

"தபால்தான்."

"மெயில் ஏத்தாம நான் எந்த வண்டிக்கும் பச்சைக் கொடி காட்டினதில்ல மேன். முப்பது வருஷ சர்வீஸ்." விசிலைப் பையில் போட்டுக்கொண்டார். "ஆடுங்கப்பா."

ஆடினார்கள். தும்மலும் முத்திரையுமாக வேலை மெதுவாகத்தான் நடந்தது. முதலில் படகுத்துறை அணி கோலைத் திருப்பிப் போட்டது. பிறகு இன்னொன்று போட்டது. அதற்கப்புறம் யார் எத்தனை போட்டார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டார்கள். கோல் போட்டவனை அவன் அணிக்காரர்களே முறைத்தார்கள். பார்க்க வந்த ஜனம் பாதி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது. சுப்புராஜ் மட்டும் நிற்கவில்லை. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, ஒரு காலை நொண்டிக்கொண்டே ஓடினான். மேனேஜர் பார்க்கிறார் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பில்லை.

மேனேஜரும் பார்த்தார். இரண்டரை மணி நேரம் ஓடுகிற ஆளை அவர் கண்டதில்லை. அவர் சட்டைப்பையில் டைப் அடித்த உத்தரவு தயாராக இருந்தது. கையில் கொடுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வேலை உத்தரவு தபால் மூலமே அனுப்பப்பட வேண்டும் என்பது கம்பெனி விதி. தபால் ஆபீஸோ நாற்பது அடி தூரத்தில் இருந்தது. அவர் உறையில் போட்டு ஒட்டினார். வியாசர்பாடி வீடுகளுக்கு நம்பர் இல்லாததால் சுப்புராஜ் எழுதிக் கொடுத்திருந்தபடி, 'மேற்பார்வை: வெள்ளத்துரை மிளகாய் மண்டி' என்று விலாசம் எழுதினார். மேஜையில் கொண்டுவந்து கொடுத்தார். வரதன் முத்திரையைப் பதித்தார். அவ்வளவு தெளிவான முத்திரை அன்றைக்கு வேறு எதிலும் விழவில்லை. பிறகு ஒன்பதாவது நிபந்தனையின்படி அதை மேற்பார்வையாளர் கட்டில் சேர்த்துக் கட்டினார்.

"ஆர்டர் தபால்ல வரும். வந்த கையோட வந்து சேர்ந்துடு," என்று ஓரமாக நின்று சுப்புராஜிடம் சொல்லிவிட்டு மேனேஜர் காரில் ஏறினார்.

ஆறே முக்காலுக்குக் கடைசி உறையில் முத்திரை விழுந்தது. வால்டர் விசில் ஊதினார். இருபத்திரண்டு பேரும் நின்ற இடத்திலேயே படுத்தார்கள். கோப்பை யாருக்குப் போயிற்று என்பதைச் சபையின் ஆண்டறிக்கை குறிப்பிடவில்லை.

மறுநாள் வீட்டில் உறைகளை அடுக்கும்போது வெள்ளத்துரை அறுநூற்று ஒன்றாவதைப் பார்த்தார். கம்பெனி பெயர் அச்சிட்ட உறை. தூக்கிப் பார்த்தால் கனமாக இருந்தது. உள்ளே நிஜமாகவே ஒரு கடிதம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஒன்றில்கூடக் கடிதம் கிடையாது. உலகத்திலேயே இந்த முத்திரையோடு, உள்ளே கடிதத்தோடு, பிரிக்காத உறை இது ஒன்றுதான்.

உள்ளே இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. திங்கட்கிழமையே சுப்புராஜ் வந்து நின்றான்.

"மொதலாளி, எனுக்குக் கடுதாசி எதுனா வந்துச்சா?"

"தபால்காரர் ஒண்ணும் கொண்டாரலயே," என்றார் வெள்ளத்துரை. ஒன்பதாவது நிபந்தனைப்படி அது உண்மைதான்.

செவ்வாயும் கேட்டான். புதனும் கேட்டான். வியாழனன்று நல்ல மழை. வெள்ளிக்கிழமை சட்டை காயாமல் வந்து கேட்டான். ஒவ்வொரு தடவையும் வெள்ளத்துரைக்குப் பாவமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் ஆல்பத்தைத் திறந்து முத்திரையைப் பார்ப்பார்; கொஞ்சம் தேவலையாக இருக்கும்.

வெள்ளி சாயங்காலம் அவர் மனைவி ஞானபாக்கியம் ஆல்பத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது யாருக்க கடுதாசி?"

"முத்திரையைப் பாரு ஞானம். என்னமா விழுந்திருக்கு."

"பேரைப் பாத்தேன். அந்தப் பயலுக்க பேரு. அவன் பொண்டாட்டி நேத்து மழையில பிள்ளைகளைத் தூக்கிட்டு நம்ம மண்டி வாசல்ல வந்து ஒதுங்கி நின்னா. உங்களுக்கு வெக்கமா இல்லியா?"

வெட்கமாகத்தான் இருந்தது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலையில் உறையைக் கொண்டுபோய் சுப்புராஜ் கையில் கொடுத்தார். "கத்தி தாரேன், ஓரமா," என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அவன் பல்லால் கடித்துக் கிழித்துவிட்டான். வெள்ளத்துரை கண்ணை மூடிக்கொண்டார்.

முத்திரைத் தேதியிலிருந்து ஏழு தினங்களுக்குள் வேலையில் சேர வேண்டும் என்று எழுதியிருந்தது. சனியோடு சனி ஏழு என்று வெள்ளத்துரை விரலை மடித்துச் சொன்னார். சுப்புராஜ் எண்ணூர் ரோட்டில் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஓடினான்.

கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்திரை போட்ட நாளும் சேர்த்தி. நேத்தோட ஏழு."

"ஒரு நாளு தானே சார்."

"நான் என்னப்பா செய்ய? சாதாரணமா முத்திரையில தேதியே தெரியாது. நாங்களும் பார்த்த மாதிரி பார்த்துட்டு விட்டுடுவோம். இதுல எழுத்து எழுத்தா நிக்குது. தெரியலைன்னு நான் எப்படி எழுதறது?"

சுப்புராஜ் மத்தியானம் மண்டிக்குத் திரும்பி வந்தான். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். வெள்ளத்துரை அன்று முழுக்கக் கல்லாவைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவனைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

இரண்டு வாரம் கழித்து மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் குதிரை வண்டியில் வியாசர்பாடிக்கே வந்து, அந்தக் கிழிந்த உறையைச் சுப்புராஜிடம் விலைக்குக் கேட்டார். அவர் கொடுத்தது அவனுடைய இரண்டு மாத மூட்டைக் கூலி.

"கியியாம இருந்தா இன்னா தருவே சாமி?"

"பத்து மடங்கு."

சுப்புராஜ் வெகுநேரம் யோசித்தான். அவன் யோசித்தது வியாசர்பாடி முழுக்கப் பரவிற்று.

அடுத்த வருஷமும் முத்திரைக்கு அனுமதி வந்தது. அதே நிபந்தனைகள், அதே ஹாக்கி மட்டை. வெள்ளத்துரை இந்தத் தடவை உறைகளைச் சீமை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, தூசி படாமல் எடுத்துக்கொண்டு நாலு மணிக்கு மைதானத்துக்குப் போனார். பந்தலிலிருந்து டோல்கேட் பக்கம் போகிற ரோடு வரைக்கும் வரிசை நின்றது. வியாசர்பாடி அணி பதினொரு பேரும் வரிசையில் நின்றார்கள், ஆளுக்கு ஒரு கட்டு. படகுத்துறை அணி அவர்களுக்குப் பின்னால். அதற்குப் பின்னால் ஆட்டம் பார்க்க வந்த ஜனம், பெண்டு பிள்ளைகளோடு. வால்டர் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கக்கத்தில் நூறு உறை வைத்திருந்தார். மேனேஜர்கூட நின்றார். மைதானத்தின் நடுவில் பந்து மட்டும் கிடந்தது.

வரதன் கடிகாரத்தைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

"ஆட்டம் நடைபெறவில்லை."

"ஏல சுப்புராஜு, போய் ஆடுல," என்றார் வெள்ளத்துரை.

"நான் வரிசைல கீறேன் மொதலாளி. எடம் பூடும்."

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. முடிவில் வெள்ளத்துரை பிஸ்கட் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மைதானத்துக்குள் போனார். நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாகப் பந்தை உதைத்தார். வால்டர் நின்ற இடத்திலிருந்தே விசில் ஊதினார். வரதன் முத்திரையை எடுத்தார்.

"நிக்காத மொதலாளி," என்று வரிசையிலிருந்து சுப்புராஜ் குரல் கொடுத்தான். "நீ நின்னா சீலு நின்னுடும்."

வெள்ளத்துரை ஓடினார். உதைத்தார், துரத்தினார், மறுபடி உதைத்தார். வேட்டி தடுக்கிற்று, மூச்சு வாங்கிற்று, கண்ணை மறைத்தது. இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்கக்கூட அவரால் முடியவில்லை. பந்து போன பக்கமெல்லாம் அவரும் போய்க்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் உதைத்தாரோ, பந்து உருண்டு உருண்டு போய் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நுழைந்தது.

கோல். அவர் வாழ்க்கையில் போட்ட முதல் கோல். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் வரிசையின் பக்கம் திரும்பினார். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை.

வரதன் முத்திரையைக் கீழே வைத்தார். "ஆட்டம் நிற்கிறது."

சுப்புராஜ் தலையில் கை வைத்தான். "ரெண்டு நிமிசம் போச்சே மொதலாளி."